பக்கத்துக் கட்டில் வேன் டிரைவர்

டி.வி.யைப் பார்த்து ஆபரேஷன் செய்யும் டாக்டர் நிச்சயம் எதையாவது தப்பாக வெட்டிவிடுவார் என்று நம்பிய மடையன் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். ஓடும் மெஷினிலிருந்து கண்ணை எடுத்தால் விரல் போய்விடும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம். தொண்ணூறுகளில் அந்த முறை எங்கள் பக்கத்துக்குப் புதுசு. வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவை நுழைத்து, திரையைப் பார்த்தபடியே பித்தப்பையை எடுப்பதாக டாக்டர் சொன்னதும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. "பழைய மாதிரி பெரிசா கிழிச்சே எடுத்துடுங்க சார்" என்று கெஞ்சிக் கையெழுத்துப் போட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் திருவேற்காட்டு வேன் டிரைவர் ஒருவர். குட்டையான, கருத்த மனிதர். அவருக்கும் பித்தப்பையில் கல். அதே நாள், அதே டாக்டர். ஆனால் அவர் துளைக்குச் சம்மதித்திருந்தார். மறுநாள் காலை யார் வந்தாலும் சட்டையைத் தூக்கி நாலு சின்னப் பிளாஸ்திரிகளைக் காட்டினார். என்னைப் பார்க்க வந்த என் மனைவியிடமும் காட்டினார். அவள் வாயைப் பிளந்ததுதான் என் தையலைவிட அதிகம் வலித்தது.

"உனக்கு பயமாவே இல்லியா நைனா?" என்று பொறாமை தாங்காமல் கேட்டேன்.

"இன்னாத்துக்கு அண்ணாத்தே? வண்டிய ரிவர்ஸ் எடுக்கறப்போ நான் ரோட்டையா பாத்துகினு கீறேன்? கண்ணாடியத்தான் பாக்குறேன். இதுவரிக்கும் ஒருத்தன் மேலயும் ஏத்துனதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது, தையல் இழுத்ததில் சிரிக்கத்தான் முடியவில்லை.

அன்று சாயங்காலமே அவர் யார் கையையும் பிடிக்காமல் படியிறங்கி வீட்டுக்குப் போனார். நான் ஒன்பது நாள் அங்கேயே கிடந்தேன்.