வெள்ளவத்தை முகங்களும் ஆறு டேப்புகளும்

பேக்கப் எடுப்பவரை யாரும் நினைப்பதில்லை. நினைத்தால் அன்றைக்கு ஏதோ தொலைந்துவிட்டது என்று அர்த்தம். என்னைப் போல டிஸ்கிலிருந்து டேப்புக்கு மாற்றிவிட்டு, அது ஓடி முடியும்வரை நகம் கடித்தவர்கள் உங்களில் இருந்தால் இப்போதே தலையாட்டுவீர்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

ஏழாவது சனிக்கிழமை

யுத்தத்தின் கடைசி வருடங்களில், கொழும்பு வெள்ளவத்தையில், காலி நகருக்குப் போகும் காலி வீதியோரம் இருந்த ஒரு ஸ்டூடியோவில் எனக்குக் கொம்பியூட்டர் வேலை. பாஸ்போட் படம்தான் எங்கள் பிழைப்பு. ஊரில் பாதிப் பேர் வெளிநாடு போக நின்றார்கள். நிமல் அய்யே படம் எடுப்பார்; அவர் சிங்களவர், அய்யே என்றால் அண்ணன். நான் வெட்டிச் சரிசெய்து அச்சடிப்பேன். கிழமை முடிவதற்குள் டிஸ்க் நிரம்பிவிடும். சனிக்கிழமை எல்லாவற்றையும் டேப்புக்கு மாற்றி டிஸ்கைக் காலியாக்க வேண்டும். டேப் இருந்தது ஆறே ஆறு. ஏழாவது சனிக்கிழமை வந்ததும் முதல் டேப்பின் மேலேயே புதிய படங்கள் ஏறும், பழைய முகங்கள் போய்விடும்.

டேப் பாதியில் ஓடும்போது கரண்ட் போகும். திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மெஷின் கரகரத்துக்கொண்டிருக்கும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருப்பேன். இன்னும் கொஞ்சம் டேப் வாங்கித் தாருங்கள், பழையதை அழிக்காமல் வைத்திருக்கலாம் என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “போறவை முகத்தையும் கொண்டுதானே போகினம் பிள்ளை, நாங்கள் என்னத்துக்குக் காவல் இருக்கிறது?”

விசா கிடைக்காதவர்

ஸ்டூடியோவில் கறுப்புக் கோட்டு ஒன்றும் டையும் ஆணியில் தொங்கும். சாரத்தோடு வந்தவரும் அதைப் போட்டுக்கொண்டு இடுப்புக்கு மேலே மனேஜராகிவிடுவார். அப்படி மனேஜரானவர்களில் ஒருவர் பக்கத்துப் பகுதியான பாமன்கடையில் இருந்தவர். படத்தில் காது சரியாகத் தெரியவில்லையாம், விசா மறுத்துவிட்டார்களாம். புதுப் படம் எடுத்தார். அதோடு விட்டாரா? பழைய படத்தை அழித்தே ஆகவேண்டும் என்று நின்றார்.

டேப்பில் இருந்து ஒரு படத்தை மட்டும் பிடுங்க முடியாது, அழித்தால் அந்தக் கிழமை எடுத்த எல்லாருமே போவார்கள் என்று விளக்கினேன். மனிதர் நம்பவில்லை. அரைமணி நேரம் கதிரையை விட்டு எழும்பாமல் என்னையும் வேலை செய்ய விடாமல் இருந்துவிட்டு, கடைசியில் கெஞ்சினார்: “தங்கச்சி, அதில இருக்கிறது விசா கிடைக்காத ஆள், அவரை வச்சிருந்தால் எனக்குத்தான் கூடாது.”

தம்பியைத் தேடியவர்

ஒரு வியாழக்கிழமை காலை ரெஜினா அக்கா வந்தார். கொட்டாஞ்சேனையில் இருப்பவர், துறைமுகப் பக்கம் ஒரு கம்பனியில் கிளார்க். தம்பி அன்ரன் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். முந்தைய கிழமை வான் வண்டியில் வந்த சிலர் அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முறைப்பாடு கொடுக்கப் போகிற இடமெல்லாம் படம் கேட்கிறார்கள். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்தபோது வீட்டுப் படங்கள் தொலைந்துவிட்டன. அவன் கடைசியாக எடுத்த படம் எங்களிடம் எடுத்ததுதான், அதன் பிரதிகளையும் வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்காரனிடம் கொடுத்துவிட்டான்.

எப்போது எடுத்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் படங்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். ஒவ்வொரு டேப்பாகப் போட்டு டிஸ்கில் இறக்கினேன். அவர் பக்கத்தில் இருந்து முகம் முகமாகப் பார்த்தார். எல்லாரும் அதே கோட்டு, அதே டை, அதே நீலத் திரை. இடையில் இரண்டு தரம் கரண்ட் போனது. அவர் எழும்பவேயில்லை. ஆறாவதாகப் போட்டது மிகப் பழைய டேப், அந்தச் சனிக்கிழமை அழிய வேண்டியது. அதில் இருந்தான். அக்கா அழுவார் என்று நினைத்தேன். அவர் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “கோட்டை எடுத்துவிட ஏலுமோ பிள்ளை, அவன் இப்பிடி உடுத்தி ஒருத்தரும் கண்டதில்லை.”

சிவில் உடுப்பில் இருவர்

முகத்தை மட்டும் பெரிதாக்கி முதலில் நாலு பிரதி அடித்துக் கொடுத்தேன். இன்னும் வேண்டிவரும், படத்தை அழித்துவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். ஓம் என்றேன். அடுத்த நாளே சீருடை இல்லாமல் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்து, இங்கே படம் எடுத்த இளைஞர்கள் எல்லாருடைய படமும் வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார்கள். முதலாளி கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று நிமல் அய்யே சமாளித்தார். திங்கட்கிழமை கடிதத்தோடு வருவோம், எதையும் தொடக்கூடாது என்றார்கள்.

அவர்கள் போனபிறகு ஆறு டேப்பையும் எடுத்து மேசையில் அடுக்கினேன். அந்த டேப்புகளில் இருந்தவர்களுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அன்ரனுக்கு நடந்தது தெரியும். வைத்திருந்தால் அத்தனை பேரையும் கொடுக்க வேண்டும். அழித்தால் அன்ரனும் போவான். அவன் படத்தை மட்டும் ஒரு சீடியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாம்தான், ஆனால் வழியில் சோதனைச்சாவடியில் என்னிடம் சீடி அகப்பட்டால் யார் பதில் சொல்வது? நிமல் அய்யே கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு, என்னைத் தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “நங்கி, சனிக்கிழமை வேலை இன்னைக்கே செய்ங்க, எல்லா டேப்பும் செய்ங்க.”

கல்யாணப் படங்கள்

கடதாசி தீரும்வரை அன்ரனின் முகத்தை அச்சடித்தேன். அந்தக் கட்டைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனவர் நிமல் அய்யே; அவரை வழியில் மறிக்க மாட்டார்கள். பிறகு டிஸ்கைக் காலியாக்கி, கடையில் கிடந்த கல்யாண சீடிகளையெல்லாம் அதில் ஏற்றி, ஆறு டேப்பிலும் நிரப்பினேன். அன்றைக்கென்று கரண்ட் போகவில்லை. முகங்கள் அழிந்துகொண்டிருந்த சத்தத்தைக் கேட்டபடி இருக்க முடியாமல் வாசலில் போய் நின்றேன்.

திங்கட்கிழமை சொன்னபடியே வந்தார்கள். டேப்பை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். தாலி, மோதிரம், கேக் வெட்டு. சனிக்குச் சனி பழையதை அழிப்பதுதான் கடை வழக்கம் என்று நான் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அது பொய்யும் இல்லை. இருவரில் மூத்தவர் நெடுநேரம் மணப்பெண்களைப் பார்த்துவிட்டு எழும்பினார். போகும்போது என்னிடம் கேட்டார்: “யுத்தம் நடக்கிற நாட்டில் இவ்வளவு கல்யாணமா?”

திரும்பி வந்தவர்

அடுத்த வருடம் ரெஜினா அக்கா மறுபடி வந்தார். கொடுத்த படங்களை எல்லா இடமும் கொடுத்துவிட்டாராம். கடைசியாக இருந்ததை ஒரு அலுவலகத்தில் பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று வாங்கினார்கள், தரவில்லை. கையில் ஒன்றும் இல்லை. அவர் டேப் இருந்த அலுமாரியைப் பார்த்துக்கொண்டுதான் கதைத்தார்.

படம் இல்லை என்று சொன்னேன். ஏன் இல்லை என்றும் முழுவதையும் சொன்னேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கைப்பையை மடியில் வைத்து அதன் சிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “உன்னட்டை இருந்த மற்றப் பிள்ளையளின்ரை அக்காமார் ஆராவது படம் கேட்டு வந்தவையோ?”

பேக்கப்பை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், கேட்டு வரப்போகிறவர் யார் என்று முதலில் சொல்லுங்கள், பிறகு கணக்குச் சொல்கிறேன் என்பதுதான் என் பதில்.