பலாமரமும் கேம் பெட்டியும்

கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கஸ்டமர் வீட்டில் பழுதைவிட ஆபத்தானது, நம்மைப் பார்த்து அவர்கள் வாயைப் பிளப்பதுதான். கள்ளக்குறிச்சியில் கடை போட்டு இருபது வருஷமாக அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஒருமுறை அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

வெள்ளிமலையில் ஜீப் ஓட்டும் ஏழுமலை கூப்பிட்டிருந்தார். உளுந்தூர்பேட்டையில் யாரோ அவர் தலையில் டிவியில் மாட்டி விளையாடும் ஒரு பழைய கேம் பெட்டியைக் கட்டியிருந்தார்கள். அதில் வைஃபை செத்துப்போயிருந்தது. கிரிக்கெட் கேமோ, அப்டேட் போட்டால்தான் ஓடுவேன் என்றது. வீட்டில் இருந்த ஒரே இன்டர்நெட், அவர் மனைவி செல்வி முன்னறையில் நடத்தும் இ-சேவை மையத்துக் கம்ப்யூட்டரில். அதன் டேட்டா கார்டுக்கும் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. நீளமான ஒயரில் கோத்து, மேலே பால் கவரைச் சுற்றி, பக்கத்துப் பலாமரக் கிளையில் கட்டியிருந்தார்கள்.

"அது மகளிர் குழு கூட்டத்துக்குப் போயிருக்குது. வர்றதுக்குள்ள கனெக்‌ஷன் குடுத்துடுங்கண்ணே" என்றார் ஏழுமலை.

வேலை சுலபம். கம்ப்யூட்டரின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேபிளைச் சுவரோரமாகப் பின்னறைக்கு இழுத்துக் கேம் பெட்டியில் சொருகினேன். நெட்வொர்க் செட்டிங்கில் டேட்டா கார்டு கனெக்‌ஷனைத் திறந்து, ஷேரிங்கில் ஒரு டிக். பெட்டிக்கு ஐபி தானாக வந்தது, அப்டேட் இறங்கத் தொடங்கியது. ஏழுமலை வாயைப் பிளந்தார். எனக்கு ஒரு அடி உயரம் கூடிவிட்டது.

அப்போது வாசலில் செல்வியின் குரல்.

"இப்ப இன்னாண்ணே பண்றது?" என்று ஏழுமலை என் காதில் கிசுகிசுத்தார்.

"டிவிய ஆஃப் பண்ணுங்க, போதும்" என்றேன். சொன்னவன் நான்தான், மறந்துவிடாதீர்கள்.

செல்வியோடு கனகா என்ற பெண்ணும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். நர்சிங் காலேஜ் விண்ணப்பத்தில் சாதிச் சான்றிதழை ஏற்ற அன்று சாயங்காலம் ஐந்து மணிவரைதான் நேரம். ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அன்றைக்குத்தான் சான்றிதழே கிடைத்ததாம். அப்போதே மணி நாலு.

"இன்னாண்ணே இந்தப் பக்கம்?" என்றார் செல்வி.

"சும்மா, ஒரு சர்வீஸ்" என்றேன்.

செல்வி பைலை ஏற்றினார். ஸ்கிரீனில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நான் முன்னால் வந்து நின்றேன். ரீஸ்டார்ட் செய்தேன். டவர்காரனைத் திட்டினேன், மேகத்தைத் திட்டினேன், குரங்கு ஒயரைக் கடித்திருக்கும் என்றேன். கனகா சான்றிதழ் கவரின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தாள்.

"இது ஏறலேன்னா, அடுத்த வருசம் வரைக்கும் எங்கூட சாமை அறுக்கத்தான் சார் வரணும்" என்றார் அவள் அம்மா.

நாலே முக்காலுக்கு, டேட்டா கார்டைத் திருப்பி வைக்கிறேன் என்று பலாமரத்தில் ஏறினேன். கிளைக்கு நேரெதிரே பின்னறை ஜன்னல். உள்ளே டிவி அணைந்திருந்தது. அதன் கீழே கேம் பெட்டியில் நீல விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. டிவியை அணைத்தால் பெட்டி அணையாது. அப்டேட் மொத்த நெட்டையும் குடித்துக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

முட்டி தேய இறங்கி ஓடிப்போய் லேன் கேபிளைப் பிடுங்கினேன்.

"ஏறிடுச்சிண்ணே!" என்று செல்வி கத்தியபோது ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருந்தது.

கனகாவின் அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "மரம் ஏறி எம்பொண்ணக் காப்பாத்துனீங்க சாமி."

ஏழுமலை சுவரைப் பார்த்தார். கும்பிடை வாங்கிக்கொண்டு நான் கிளம்பியிருக்கலாம். வழக்கமாக அதைத்தான் செய்வேன். அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

"கும்பிடாதீங்கம்மா. கெடுத்ததே நான்தான்" என்று கையில் இருந்த கேபிளைக் காட்டினேன்.

செல்வி அதன் மறுமுனையைத் தேடிப் பின்னறைக்குப் போனார். அங்கே ஏழுமலைக்கு நடந்த பூசையை இங்கே எழுத முடியாது.

இப்போதெல்லாம் நெட் வரவில்லை என்று யார் கூப்பிட்டாலும், டவர்காரனைத் திட்டுவதற்கு முன் நான் கடைசியாக எதைச் சொருகினேன் என்று பார்க்கிறேன். கற்ற பாடம் அவ்வளவுதான்.

கனகா இப்போது நர்சிங் மூன்றாம் வருஷம். போன மாதம், லேப்டாப் ஆன் ஆகவில்லை என்று கடைக்கு வந்தாள். கடையில் வேறு இரண்டு கஸ்டமர்கள் இருந்தார்கள். நான் மூடியைக் கழற்றி, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தேன்.

"அண்ணே, ஏர்றதுக்கு மரம் எதுனா வேணுமா?" என்றாள்.