சகலை வாசலில் தொங்கிய பல்

சின்ன மாப்பிள்ளைக்குப் பெரிய மாப்பிள்ளையின் மேல் எந்தக் கோபமும் கிடையாது. அவருடைய கிளினிக் வாசலில் தொங்கிய பல்லின் மேல்தான் எரிச்சல். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

இருவருமே பல் டாக்டர்கள். அக்காவைக் கட்டியவர் மூத்தவர், தங்கையைக் கட்டியவர் இளையவர். மாமனாரும் பல் டாக்டர்தான். வேலையை விட்டபோது கிளினிக்கை மூத்தவருக்குக் கொடுத்தார், வாசல் பலகையோடு சேர்த்து. பலகையா அது! ஆள் உயரத்துக்கு ஒரு கடைவாய்ப் பல், இரண்டு வேரோடு, நடைபாதைக்கு மேல் இரும்புச் சட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். பொழுது சாய்ந்தால் உள்ளே விளக்கு எரியும். தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கண்ணில் படும்.

இளையவர் எதிர் வரிசையில் கிளினிக் திறப்பதற்குள் நகராட்சியில் புது விதி வந்துவிட்டது. பலகை சுவரோடு ஒட்டித்தான் இருக்கவேண்டும். காபித் தட்டு அளவுக்கு மேல் போகக்கூடாது.

"அப்ப எதிர்ல தொங்குதே, அது?" என்று நகராட்சி அலுவலகத்தில் கேட்டார்.

"அது விதிக்கு முன்னாடியே வெச்சது டாக்டர். இருக்கற வரைக்கும் இருக்கலாம்," என்றாள் அங்கிருந்த குமாஸ்தா அம்மாள்.

ஐந்து வருஷம் போயிற்று. வீங்கிய கன்னத்தோடு படியேறி வருபவர்கள், "பெரிய பல் டாக்டர் நீங்கதானா?" என்று கேட்பார்கள். இவர் சிரித்தபடி எதிர்ப்பக்கம் கைகாட்டுவார். காற்று பலமாக அடித்தால் ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்ப்பார்; பல் அசையாது.

"அத்தானைவிட அந்தப் பல்லைத்தான் நீங்க அதிகமா பாக்கறீங்க," என்பாள் மனைவி.

ஒருநாள் மூத்தவரே போன் செய்தார்.

"தம்பி, சட்டம் துருப்பிடிச்சிருக்கு. பல்லை இறக்கி வெல்டிங் வெச்சு மாட்டலாம்னு பாக்கறேன். நீதானே விதிக்கெல்லாம் அலைஞ்சவன். ஏதாவது அனுமதி வாங்கணுமா?"

"விசாரிச்சுச் சொல்றேன் அண்ணா."

உடனே அலுவலகத்துக்குப் போன் போட்டார். மேலேயே வைத்துப் பழுது பார்க்கலாம். ஒருமுறை இறக்கினால் அதோடு சரி, மறுபடி மாட்ட முடியாது என்றார்கள். சகலையைக் கூப்பிட்டார்.

"ரிப்பேர்தானே? தாராளமா இறக்குங்க."

இரண்டு பேர் கயிறு கட்டிப் பல்லை இறக்கியதை நோயாளியின் வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தார். மூன்றாம் நாள் மாட்ட வந்தவர்களை நகராட்சி ஆள் தடுத்துவிட்டார்.

"நீயும் ஒரு வார்த்தை பேசேன்," என்று மூத்தவர் இவரையே அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்.

குமாஸ்தா அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன டாக்டர், போன வாரம்தானே போன்ல சொன்னேன்? இறக்கினா திரும்ப மாட்ட முடியாதுன்னு. இவர்கிட்ட சொல்லலையா?"

மூத்தவர் படியிறங்கி, காரில் உட்கார்ந்து, கதவைச் சாத்திய பிறகுதான் பேசினார்.

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

"ஆமாண்ணா."

"எவ்வளவு நாளா இது மனசுல?"

"கிளினிக் திறந்த நாள்லேர்ந்து."

மூத்தவர் வண்டியைக் கிளப்பினார். இளையவரின் கிளினிக் வாசலில் நிறுத்தி, இறங்கும்வரை காத்திருந்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே அவரும் காபித் தட்டு அளவில் ஒரு பலகை மாட்டினார். கூட்டம் குறையவில்லை. முகவரி தெரியாதவர்கள் கடைக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு அங்கேயே போனார்கள். அவர் கை பட்டால் வலிக்காது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. ஜன்னலில் நின்று பார்த்த இளையவருக்குக் குறை சொல்ல இப்போது பல்லும் இல்லை.

மாதக் கடைசியில் ஒரு கிழவர் சீட்டோடு வந்தார். சகலையின் கையெழுத்து: 'இவருக்கு வேர் சிகிச்சை வேண்டும். என்னைவிட நீ நன்றாகச் செய்வாய்.'

இருமுறை படித்தார். நன்றி வரவில்லை, வெட்கம்கூட அப்புறம்தான் வந்தது. இப்படி நாலு வார்த்தை எழுதும் மனசும் அந்த மனுஷனுக்கே வாய்த்திருக்கிறதே என்று முதலில் பொறாமைதான் பொங்கியது.

"உக்காருங்க ஐயா," என்று நாற்காலியைச் சாய்த்தார். "எந்தப் பக்கம் வலிக்குது?"