நாகூர் பஸ்ஸை நிறுத்திய மெடல்

குடவாசலுக்கு முன்னால் வயல் கூலியாட்கள் எங்கள் பஸ்ஸை மறிக்கிறார்கள். கூலி கூட்டிக் கேட்டதால் மிராசுதார் வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கப்போகிறாராம். விட்டால் இந்த வருஷச் சோறு போச்சு. சாலையோர வைக்கோல்போர் உச்சியில் பைனாகுலரோடு ஒருவர் காவல் இருக்கிறார். சட்டையில் ஒரு மெடல் ஆடுகிறது.

"பஸ் நெறய முண்டாசு கட்டுன ஆளுங்க!" என்று கத்தியவர் அவர்தான்.

கருக்கரிவாளோடு ஏறிய பெண் முன்சீட்டுக்காரரின் முண்டாசை உருவுகிறாள். உள்ளே சந்தனம் பூசிய மொட்டை. அடுத்ததும் மொட்டை. எல்லாரும் நாகூர் தர்காவில் முடி கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள். பஸ்ஸே சிரிக்கிறது.

நான் இறங்கிப்போய் அண்ணாந்து கேட்கிறேன்: "மெடல் எதுக்குங்க?"

"உலக யுத்தத்துல வெள்ளக்காரன் பிளேன்ல வடதுருவம் பக்கம் வரைக்கும் வேவு பாக்கப் போனேங்க. கீழ பூரா பனிக்கட்டி. எதிரி ஒருத்தனும் இல்லேன்னு வந்து சொன்னேன். வீரம்னு இதக் குத்திவிட்டாங்க."

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அந்தப் பெண் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள்.

"ஏண்ணே, அங்க யாரு போயி முண்டாச அவுத்துப் பாத்தா?"