அக்கா மாற்றி எடுத்த தட்டு

எங்கள் அக்காவோடு கூடப் பிறந்தது சந்தேகம். நான் அதற்கு மூன்று வருடம் கழித்துப் பிறந்தவன். சாப்பாட்டு மேசையில் நான் அவளுக்கு வைக்கிற தட்டில் அவள் கைவைக்க மாட்டாள். என்றைக்கோ ஒருநாள் உப்பை அள்ளிப் போட்டதற்கு எனக்கு ஆயுள் தண்டனை: என் தட்டு அவளுக்கு, அவள் தட்டு எனக்கு.

அக்கா ஜூடோ பழகுகிறவள். பள்ளி அணியில் சேர ஒரு கிலோ குறைய வேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து காலைச் சாப்பாட்டுக்கு முழுக்குப் போட்டாள். அப்பா தராசு பழுது பார்ப்பவர். வீட்டு முன்னறைதான் பட்டறை. பள்ளிக்குக் கிளம்பும் முன் அங்குள்ள மேடைத் தராசில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி நிற்பாள், மூச்சுக்கும் எடை உண்டு என்பது போல. முள் இறங்கவில்லை. இரண்டாம் வாரம் கொஞ்சம் ஏறியே விட்டது.

பழி வேறு யார் மேல் விழும்? தராசுக்கு அடியில் காந்தம் இருக்கிறதா என்று குனிந்து தேடினாள். என் சட்டைப் பையைக் கவிழ்த்தாள். அப்பா முத்திரை போட்ட எடைக்கற்களை எடுத்துத் தராசில் அடுக்கினார். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

"அப்ப கல்லுதான் பொய் சொல்லுது."

"கல்லு இடைவேளையில கேன்டீனுக்குப் போகாதும்மா," என்றார் அப்பா.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆமாம், நான்தான் பின்னாலேயே போய் வேவு பார்த்து அப்பாவிடம் சொன்னவன். காலையெல்லாம் காய்ந்த அவள் வயிற்றில் கிரீம் பன்கள் ஒன்றன்பின் ஒன்றாக, காய்ந்த மண்ணில் விழுந்த தண்ணீர் மாதிரி காணாமல் போயின.

அன்று ரோஷத்தில் கேன்டீன் பக்கமும் போகாமல், மாலைப் பயிற்சியில் தலைசுற்றி விழுந்தாள். இன்னொரு முறை விழுந்தால் அணியை மறந்துவிடலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார் பயிற்சியாளர். அம்மா திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். சாப்பிட்டால் எடை ஏறும், இதுகூடவா தெரியாது என்று கேட்டாள் அக்கா. கடைசியில், பேருக்கு ஒரு வாய் சாப்பிட மட்டும் சம்மதித்தாள்.

மறுநாள் காலை நான் தட்டு வைத்தேன். அவள் முன்னால் ஒரே ஒரு காய்ந்த ரொட்டி. என் முன்னால் ரொட்டி, இரண்டு முட்டை, ஒரு வாழைப்பழம். வைத்துவிட்டுத் திருடன் போல விட்டத்தைப் பார்த்தேன்.

"என்னடா போட்ட இதுல?"

"ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லன்னு நீ சொன்னா ஏதோ இருக்கு."

தட்டுகள் இடம் மாறின. என்னை முறைத்துக்கொண்டே, எனக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்கிற வீம்பில், வாழைப்பழம் வரை தின்று தீர்த்தாள். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு காய்ந்த ரொட்டியை மென்றேன். நாளைக்கும் அவள் என்னை நம்பாமல் இருக்க வேண்டுமே.