முடிக்கு அளந்த தொப்பி

திருத்தணி ரயில் நிலையம், பகல் பதினொரு மணி. குரோஷா ஊசியில் பின்னிய கம்பளித் தொப்பியின் கடைசி முடிச்சை இறுக்கி, ஆறு வயது மகளின் தலையில் வைக்கிறேன். அது வழுக்கிக்கொண்டு மூக்கில் வந்து நிற்கிறது. போன வாரம் அளந்தபோது அவளுக்கு அடர்ந்த முடி இருந்தது. இன்று காலைதான் மலையில் மொட்டை போட்டோம்.

"குத்துது" என்று கழற்றி எறிகிறாள். புடைப்புப் புடைப்பான பின்னலில் சந்தனம் அப்பியிருக்கிறது. நாளை மறுநாள் தில்லிக் குளிரில் அவள் பள்ளி வேனுக்கு நிற்க வேண்டும். வேறொன்று பின்ன நேரமில்லை.

பெஞ்சில் பக்கத்தில் இருக்கும் பெண் தொப்பியை எடுத்துத் தட்டுகிறார். "முடிய அளந்துகினு வந்திருக்கீங்க. தலய எப்பம்மா அளப்பீங்க?"

"பிரிச்சிடவாக்கா?"

"எதுக்கு?" பையிலிருந்து பழைய லுங்கி ஒன்றை எடுத்துக் கிழிக்கிறார். "எங்க தறியில நெய்ஞ்சது. தொவச்சித் தொவச்சிப் பூவா ஆய்டுச்சி, குத்தாது." அதை நான்காக மடித்து, தொப்பியின் உள்விளிம்பில் வைத்து, என் பையிலிருந்த தையல் ஊசியாலேயே தைக்கிறார். "முடி வளந்ததும் இந்தத் துணிய எடுத்துடுங்க. தொப்பி செரியாயிடும்."

ரயில் வந்து நிற்கும்போது நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார். நன்றி சொல்வதற்குள் கூட்டம் எங்களை ஏற்றிவிடுகிறது.

அரக்கோணம் தாண்டியாயிற்று. ஜன்னல் கம்பி வெயிலில் சுடுகிறது. மகளின் கழுத்தில் வியர்வை இறங்குகிறது. தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்கிறாள்.