ஆழ்வாப்பிள்ளை தோளில் போட்ட சால்வை

சுன்னாகம் சந்தையில் ஆழ்வாப்பிள்ளையைத் துவாய் இல்லாமல் கண்டவர்கள் குறைவு. வெங்காய மூட்டை தூக்கும்போது அது தலையில் சும்மாடு. தோட்டத்தில் வெயில் ஏறினால் காதுவரை இழுத்துக் கட்டிய தலைப்பா. கிணற்றடியில் இறைப்புக்கு நிற்கும்போது இடுப்பில் இறுக்கிய கச்சை. மார்கழிப் பனி என்றால் தலையை மூடி நாடிக்குக் கீழே ஒரு முடிச்சு. மத்தியானம் எங்காவது நிழலில் சாய்ந்தால் அதுவே தலையணை. ஒரு துணியை இத்தனை விதமாகப் போடத் தெரிந்த மனிதருக்கு ஒரேயொரு விதம் மட்டும் வரவில்லை. மடித்த சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நாலுபேர் பார்க்க நிமிர்ந்து நிற்பதுதான் அது.

வரவில்லை என்பதைவிட வரவிடவில்லை என்பதுதான் சரி. அவர் பிறந்த குடி வேறு. அவர் குடும்பம் தலைமுறையாக உழைத்துக் கொடுத்த பொன்னம்பலத்தாரின் குடி வேறு. வளவுக்காரரான அந்த வீட்டார் ஒழுங்கையில் வந்தால் தோளில் கிடப்பதை இழுத்துக் கமக்கட்டுக்குள், அக்குள் இடுக்கில், செருகிக்கொண்டு வேலியோரம் ஒதுங்கவேண்டும். இதை ஒருவரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் கிழித்தாவது போட்டிருக்கலாம்.

மீசை அரும்பிய வயதில் ஒருமுறை தேர்த் திருவிழாவுக்குப் புதுச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிவீதியில் நின்றார் ஆழ்வாப்பிள்ளை. பொன்னம்பலத்தார் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஆழ்வாப்பிள்ளையைப் பெற்ற அப்பனே ஓடிவந்து சால்வையை உருவிக் கன்னத்தில் ஒன்று விட்டார். மகனை அடித்தால் வீடு எரியாமல் தப்பும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. அன்று பிடித்த பயம் ஆழ்வாப்பிள்ளையின் கையில் போய்க் குடியிருந்துகொண்டது.

தொண்ணூற்றைந்தில் சண்டையால் சுன்னாகத்தோடு வலிகாமம் முழுதும் வெறித்துப்போய்ச் சனமெல்லாம் தென்மராட்சிக்கு ஓடியபோது, ஒரே பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு வீட்டாரும் பாய் விரித்தார்கள். நிவாரண மா வாங்கும் வரிசையில் பொன்னம்பலத்தாரும் சட்டியோடு நின்றார். திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்ற ஆழ்வாப்பிள்ளையின் தோளில் கிடந்த ஊத்தைத் துவாய் அந்தக் கணமே கமக்கட்டுக்குள் போய்விட்டது. வீடு, மாடு, தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவந்த சனம் இதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தது.

ஊர் திரும்பியபின் மகள் பிரசாந்தி ஒருநாள் அப்பாவின் துவாய் கமக்கட்டுக்குள் போவதைக் கண்டாள். அப்போது அவள் சின்னப்பிள்ளை.

"என்னப்பா, தோளிலை எறும்பு கடிச்சதோ?"

"ஓம் பிள்ளை."

விளங்குகிற வயது வந்ததும் அவள் அழவில்லை, கோபப்பட்டாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போது அவள் அரசாங்க மருத்துவமாது. மோட்டார் சைக்கிளில் வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் அவர்களுடைய மாமிமாரையும் ஒரேயடியாக அதட்டிவிட்டு வருகிறவள். அவளுக்குச் சாவகச்சேரிப் பக்கத்தில் கலியாணம் பொருந்தியது. முதல் சம்பளம் எடுத்த நாளிலிருந்து நினைத்திருந்தபடி, அப்பாவுக்குச் சரிகைக் கரை போட்ட சால்வை ஒன்று வாங்கினாள்.

பொன்னம்பலத்தார் கனடாவுக்குப் போய் அங்கேயே கண்ணை மூடிவிட்டார். காணியை ஆழ்வாப்பிள்ளைதான் பார்த்துக்கொள்கிறார். அதைப் பார்க்கப் பேரன் டிலக்ஷன் வந்திருந்தான். அங்கே பிறந்து அங்கே வளர்ந்த பெடியன். ஆழ்வாப்பிள்ளை வெற்றிலைத் தட்டத்தோடு போய் அவனுக்கும் கலியாணம் சொன்னார். அவன் உடனே "கட்டாயம் வாறன் அங்கிள்" என்றுவிட்டான்.

"உங்களுக்கென்ன விசரோ அப்பா? உவனுக்கு ஏன் சொன்னனீங்கள்?" என்று பிரசாந்தி ஏறி விழுந்தாள்.

"அந்த வீட்டுக்குச் சொல்லுறது வழக்கமெல்லோ பிள்ளை."

சொல்வது வழக்கம். சொன்னபிறகு அவர்கள் வராமல் விடுவதும் வழக்கம். பெடியனுக்கு இரண்டாவது பாதியை ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிரசாந்தி போய்ச் சால்வையை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள். பிறகு, "சரி, வரட்டும். ஆனா ஆர் வந்தாலும் சால்வை தோளிலை இருக்கோணும். என்ரை கலியாணத்திலை என்ரை அப்பா ஒருத்தருக்கும் சால்வை இழுக்கக்கூடாது. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்" என்றாள். ஆழ்வாப்பிள்ளை அவளுடைய தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினார்.

கலியாணத்தன்று காலை மனைவி நல்லம்மா சால்வையை நான்காக மடித்து அவருடைய தோளில் போட்டு, தள்ளி நின்று பார்த்தாள்.

"ஊசி ஒண்டு குத்திவிடட்டோ?"

"ஏன், நானென்ன சின்னப்பிள்ளையோ?" என்று சீறினார். அவள் ஏன் கேட்டாள் என்று இருவருக்கும் தெரியும்.

மண்டப வாசலில் அவர் நன்றாகத்தான் நின்றார். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கைகூப்பினார், சால்வை அசையவில்லை. பெரிய உத்தியோகத்தர்கள் வந்தார்கள், அசையவில்லை. பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற சந்தைக் கூட்டாளி ஏரம்பு, "எடேய், சம்பந்தி மாதிரியெல்லோ நிக்கிறாய்!" என்றார். "சம்பந்திதானேடா" என்றார் ஆழ்வாப்பிள்ளை. இரண்டு கிழவர்களும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அப்போது ஓட்டோ ஒன்று வந்து நின்றது. டிலக்ஷன் இறங்கினான். ஒட்டு வேட்டி. கடையில் வாங்கிய சால்வையை என்ன செய்வதென்று தெரியாமல், பனி கொட்டும் ஊரில் சுற்றுவதுபோலக் கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி முன்னால் முடிந்திருந்தான். இந்த வெக்கைக்குள் வேர்த்து ஒழுகியது. வேறு ஒருவன் என்றால் ஆழ்வாப்பிள்ளை சிரித்திருப்பார். ஆனால் அந்த நெற்றி பொன்னம்பலத்தாருடையது. அந்த மூக்கும், தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து நடந்துவரும் நடையும் அப்படியே அவருடையவை.

கை முந்திவிட்டது. சத்தியமும் மகளும் நினைவுக்கு வருமுன்னமே சால்வை கமக்கட்டுக்குள் போய், முதுகும் வளைந்துவிட்டது.

ஆழ்வாப்பிள்ளை தலையைத் திருப்பினார். மணப்பெண் அறைக் கதவு திறந்திருந்தது. நகையும் பூவுமாகப் பிரசாந்தி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கண்டுவிட்டாள். அவருக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

டிலக்ஷனுக்கு இதொன்றும் தெரியாது. ஊர்க் கலியாணம் ஒன்றுக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை. பிழை விடக்கூடாது, மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய் என்று தாய் தொலைபேசியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பெண்ணின் தகப்பன் சால்வையைக் கழற்றிக் கமக்கட்டில் வைத்துக் குனிவதைப் பார்த்தான். இங்கே வணக்கம் சொல்வது இப்படித்தான் போலும் என்று முடிவெடுத்தான். அவசர அவசரமாக முடிச்சை அவிழ்த்து, சுற்றுகளைக் கழற்றி, தன் சால்வையையும் கமக்கட்டில் செருகிக்கொண்டு ஆழ்வாப்பிள்ளையைவிட ஒரு பிடி அதிகமாகவே குனிந்தான்.

"வணக்கம் அங்கிள்."

ஏரம்புவின் கையிலிருந்த கிண்ணம் சரிந்து சந்தனம் வேட்டியில் கொட்டியது. ஒருவரும் சிரிக்கவில்லை. வயதானவர்கள் சிலர் எழுந்தே நின்றுவிட்டார்கள். பொன்னம்பலத்தாரின் பேரன் ஆழ்வாப்பிள்ளைக்கு முன்னால் சால்வையை இறக்கிவிட்டுக் கூனிக்கொண்டு நிற்கிறான்!

"ஐயோ, கழட்டாதையுங்கோ! போடுங்கோ, போடுங்கோ!" என்று ஆழ்வாப்பிள்ளை பதறினார்.

பெடியன் நிமிரவில்லை. கண்ணை மட்டும் உயர்த்தி ஆழ்வாப்பிள்ளையின் கமக்கட்டைப் பார்த்தான்.

"நீங்கள் இன்னும் போடேல்லையே அங்கிள்."

ஆழ்வாப்பிள்ளை குனிந்து நிற்கும்வரை அவனும் குனிந்துதான் நிற்பான். அவனை நிமிர்த்தவேண்டுமென்றால் இவர் முதலில் நிமிரவேண்டும். வேறு வழியில்லை. கமக்கட்டிலிருந்து சால்வையை எடுத்தார். உதறினார். நான்காக மடித்தார், கரை கோணலாகப் போயிற்று. இடது தோளில் போட்டு நிமிர்ந்தார். அவனும் உதறி, மடித்து, அதே தோளில் போட்டு நிமிர்ந்தான். பிறகு படிக்கிற பிள்ளையின் அக்கறையோடு கேட்டான்.

"அங்கிள், அப்ப இதை எப்ப கழட்டோணும்?"

ஆழ்வாப்பிள்ளை கதவடியைப் பார்த்தார். பிரசாந்தி இன்னும் அங்கேதான் நின்றாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"கோயிலிலை, தம்பி. சாமிக்கு முன்னாலை எடுத்து இடுப்பிலை கட்டோணும். வேறை ஒரு மனிசனுக்கு முன்னாலையும் இல்லை."